தேதி போடாத பிளக்ஸ்

நீயே தள்ளி உக்காந்து எடம் குடுத்த, நல்லாருப்ப தாயி. இந்தப் பைய மட்டும் உன் காலுகிட்ட வச்சுக்கிறியா? சன்னலோரமுன்னா பத்திரமா இருக்கும். இந்தப் பக்கம் வச்சா போறவன் வாரவன் மிதிச்சுப் போட்ருவான். உள்ள பெருசா ஒண்ணும் இல்ல. சாத்துக்குடி, ஒரு ஹார்லிக்ஸ், கொஞ்சம் ரொட்டி. சீக்காளியப் பாக்கப் போறப்ப வெறுங்கைய வீசிக்கிட்டுப் போக முடியுமா?

நீயும் ஆஸ்பத்திரிக்குத்தானா? தூக்குச்சட்டியப் பாத்ததுமே நெனச்சேன். யாரு, வீட்டுக்காரரா? மாமியாரா! அடியாத்தி, மாமியாளுக்குக் கஞ்சி தூக்கிட்டுப் போற மருமகள இந்த பஸ்ஸுலதான் பாக்கேன். கோவிச்சுக்காத, சும்மா சொன்னேன். அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்டாப்புதான். நல்லதாப் போச்சு.

நான் பாக்கப் போறது என் சேக்காளிய. தங்கமாயன்னு பேரு, எனக்கு மாயன். ட்ரவுசர் போடத் தெரியாத காலத்துல இருந்து ஒண்ணாத் திரிஞ்சவங்க. அவனுக்கு ஒண்ணுன்னா எனக்குப் பொறுக்காது, எனக்கு ஒண்ணுன்னா அவனுக்குப் பொறுக்காது. அப்படியாப்பட்டவன் என்கூடப் பேச்ச விட்டு வருசமாகப் போகுது. கண்மாக்கரையில கிடா வெட்டுன அன்னைக்கோட சரி. நேத்து அவன் பொஞ்சாதி பவுனுத்தாயி போன் பண்ணுது. "அண்ணே, மறுபடியும் படுத்துட்டாக. உங்கள ஒருக்கா பாக்கணும்ங்கிறாக. ஒண்ணும் கொண்டாரவேணாமாம், ஆளு வந்தாப் போதும்னு சொல்லச் சொன்னாக"ன்னு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இந்தா, விடிஞ்சதும் சட்டைய மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

அவன் பேசாம விட்டதுக்கு நான் என்ன குத்தம் பண்ணுனேன்னு நீயே சொல்லு தாயி. நீ வெளியாளு. ஊர்ல கேட்டா ஆளுக்கொரு நியாயம் பேசுவானுக.

நமக்குத் தொழிலு பந்தலு. வாகைப்பட்டி வீரணன்னா தெரியாது, பந்தக்கார வீரணன்னு கேட்டுப் பாரு, சுத்துப்பட்டியில தெரியாத ஆளு கெடையாது. காதுகுத்து, கல்யாணம், சடங்கு, கருமாதி, நல்லது கெட்டது எதுன்னாலும் நம்ம சேருதான், நம்ம சாமியானாதான். கல்யாண வீட்டுல போட்ட அதே சேருதான் மறுநாளு எழவு வீட்டுல கெடக்கும். சேருக்கு என்ன தெரியும்? ஈரத்துணி வச்சுத் தொடச்சா புதுசு.

ஒரு வீட்டுல கெட்டது நடந்துபோச்சுன்னா அம்புட்டுப் பேரும் அழுதுக்கிட்டு நிப்பாக. அழுகுறது யாராலயும் முடியும். ஐஸ் பெட்டிக்கு யாரு சொல்றது? கொட்டுக்காரகளுக்கு யாரு சொல்றது? வெளியூர்ச் சனத்துக்கு டீத்தண்ணி யாரு ஏற்பாடு பண்றது? இந்த வீரணன்தான். எனக்கு நின்ன எடத்துல நிக்க வராது. ஏதாச்சும் ஒண்ணு செஞ்சுக்கிட்டே இருக்கணும். என் சுபாவம் அது.

யோவ் கண்டக்டரு, இங்க வாய்யா. ஸ்டாண்டுக்கு ஒண்ணு குடு. ஆமா, ஸ்டாண்டுக்குத்தான். என்ன தாயி பாக்குற? ஆஸ்பத்திரிக்கும் ஸ்டாண்டுக்கும் ஒரே டிக்கெட்டுதான். நடுவுல எறங்குனா யாரு கேக்கப் போறா?

எங்க விட்டேன்? ஆங். போன வருசம், மழைக்கு முந்தி, மாயனுக்கு லேசாக் காச்சல்னு ஆரம்பிச்சுச்சு. மாத்திரையப் போட்டுக்கிட்டு வயலுக்குப் போயிட்டுத்தான் இருந்தான். திடீர்னு ஒருநாளு சுருண்டு விழுந்துட்டான். ஆஸ்பத்திரியில ஈரல்ல கட்டின்னாக. கட்டி உடைஞ்சு சீழு ரத்தத்துல கலந்துருச்சுன்னாக. ஆளு கண்ணே முழிக்கல. மூக்குல ஒரு டியூபு, வாயில ஒரு டியூபாம். டாக்டரு பவுனுத்தாயத் தனியாக் கூப்பிட்டு, "சொல்ல வேண்டியவுகளுக்குச் சொல்லிருங்கம்மா"ன்னுட்டாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல, அவரு கண்ட வரைக்கும் சொன்னாரு.

நான் அப்ப ஆஸ்பத்திரி வாசல்லதான் நின்னேன். வேப்பமரம் ஒண்ணு இருக்கும் பாரு, டீக்கடைக்கு எதுத்தாப்புல, அதுக்கடியில. உள்ள போகலையான்னு கேக்குறியா? ஒரு ஆளுக்குத்தான பாஸு குடுக்குறாக. அத பவுனுத்தாயி வச்சிருந்துச்சு. பொஞ்சாதிகிட்ட இருந்து பாஸப் புடுங்கிக்கிட்டா உள்ள போக முடியும்? மாத்தி மாத்திப் போகலாந்தான். ஆனா அந்த மருந்து வாடை எனக்கு ஆகாது, கொமட்டும். அதுவுமில்லாம வெளிய ஒரு ஆம்பள ஆளு வேணும்ல. ரத்தம் வேணும்பாக, மருந்து வேணும்பாக. நான் என்ன சும்மாவா நின்னேன்?

என் வீட்டுக்காரி போறப்ப நாந்தான் பக்கத்துல இருந்தேன். கையப் புடிச்சுக்கிட்டே இருந்தேன். சரி, அது எதுக்கு இப்ப.

டாக்டரு அப்படிச் சொன்னதும் எனக்கு மரத்தடியில நிக்க முடியல தாயி. நேரா பிளக்ஸு கடைக்குப் போனேன். ஏன் மொகம் சுருங்குது? கேளு. அது முகூர்த்த மாசம். பிளக்ஸு கடையில கல்யாணக் கூட்டம் நெரியுது. ஆளு போனதுக்கப்புறம் போய் நின்னா, போடுறதுக்குள்ள கருமாதியே முடிஞ்சிரும். மாயனோட பங்காளிக இருக்கானுக பாரு, உசுரோட இருக்கறப்ப எட்டிக்கூடப் பாக்க மாட்டானுக, போனதும் முச்சந்தியில ஆளுயரத்துக்குப் பிளக்ஸு வச்சிருவானுக. அவனுக வைக்கறதுக்கு முந்தி நம்மளுது நிக்கணும்ல? நாப்பது ஐம்பது வருசச் சேக்காளி, என் பேரு இல்லாமயா அவன் போவான்?

போட்டோ எங்கிட்டயே இருந்துச்சு. என் மக கல்யாணத்துல எடுத்தது. நானும் அவனும் சேந்து நிக்கோம், அவன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கான், நான் அவன் தோள்ல கையப் போட்டிருக்கேன். கடையில கம்ப்யூட்டர் பாக்குற பிள்ளை என்னைய வெட்டிட்டு அவன மட்டும் எடுத்துச்சு. எடுத்தா, தோள்ல கெடந்த என் கை மட்டும் போகல. நாலு வெரலு நிக்குது. "பூவ வச்சு மறைச்சிரவா அண்ணாச்சி?"ன்னு கேட்டுச்சு. "இருக்கட்டும் தாயி, தெரிஞ்ச கைதான"ன்னேன்.

வாசகம் நானே எழுதுனேன். "சேர்ந்தே திரிந்தோமே மாயா, எங்களைச் சொல்லாமல் விட்டுப் போனாயா"ன்னு. எப்படி இருக்கு? அந்தப் பிள்ளை டைப் அடிக்கறப்பவே கண்ணு கலங்கிருச்சு. மேல பெருசா கண்ணீர் அஞ்சலி. கீழ, மூலையில, நான் கைகூப்பி நிக்கிற மாதிரி என் போட்டோ. எல்லாம் முடிச்சிட்டு அது கேக்குது, "பொறந்த தேதி இருக்கு. மறைவு தேதி என்ன போட?" "அத மட்டும் வெறுமனே விட்டு வையி, அப்புறம் மார்க்கர்ல எழுதிக்கலாம்"னேன். அது திரும்பி என்னையப் பாத்துச்சு. "அப்ப ஆளு இருக்காரா?" "இருக்கான்... ஆனா இல்ல"ன்னேன். வேற என்னத்தச் சொல்ல?

அப்புறம் என்ன ஆச்சுன்னு நெனைக்கிற? கண்ணத் தொறந்துட்டான்! எமன் வாசல்ல செருப்பக் கழட்டி வச்சவன் திரும்பி வந்துட்டான். டாக்டருக்கே ஆச்சரியமாம். பவுனுத்தாயி மாடியில இருந்து எறங்கி ஓடியாருது, "அண்ணே, முழிச்சிட்டாகண்ணே"ன்னு. பொய் சொல்லல தாயி, வேப்பமரத்தக் கட்டிக்கிட்டு நான் அழுதேன். டீக்கடையில இருந்தவக எல்லாம் யாரோ செத்துட்டாகன்னு நெனச்சு வந்து தேத்துறாக. "பொழச்சிட்டான்யா, பொழச்சிட்டான்"னு கத்துறேன்.

கண்ணு முழிச்சதும் மொதல் வார்த்தை, "வீரணன் எங்க"ன்னு கேட்டானாம். "வெளிய இருக்காக"ன்னு சொல்லிருக்கு பவுனுத்தாயி. மறுநாளும் கேட்டானாம். அதுக்கு மறுநாளும். எப்பக் கேட்டாலும் வெளிய இருக்காகன்னுதான் சொல்லிருக்கு. அது உண்மைதான? நான் வெளியதான இருந்தேன்.

பிளக்ஸ வெள்ளப் பக்கம் வெளிய தெரியுற மாதிரி மடிச்சுக் குடோன்ல போட்டேன். கிழிக்க மனசு வரல, தொழில்ல பிளக்ஸு எப்பவும் ஒதவும். சேரு மூட, மைக்செட்டு மூட. குடோன்ல அந்த மாதிரி ஒரு குமி கெடக்கு, காதுகுத்து பிளக்ஸு, திருவிழா பிளக்ஸு எல்லாம். சொல்லி வச்சிருந்த ஐஸ் பெட்டிக்காரனுக்குப் போன் போட்டு, வேணாம்ப்பான்னேன். அவன் சொல்றான், "சரிண்ணே, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்"னு. வெளங்காத பய.

மாயன் வீடு திரும்புனதும் நம்ம வண்டியிலதான் புதுக் கட்டிலு, பேனு, எளநி எல்லாம் அனுப்பி விட்டேன். நேர்ல போகத் தோதுப்படல. ஒரு நாளைக்கு மூணு முகூர்த்தம், நான் எங்குட்டுன்னு போவேன்?

பாலத்தடி வந்துருச்சு பாரு. இன்னும் கொஞ்ச தூரந்தான். உனக்கு வெயிலு அடிக்குதா? சீலைய இழுத்துப் போட்டுக்க தாயி.

பவுனுத்தாயி புருசன் பொழச்சா கிடா வெட்டுறேன்னு கண்மாக்கரைக் கருப்புக்கு நேந்திருந்துச்சு. தைப் பொங்கல் கழிஞ்சு ஒரு ஞாயித்துக்கெழம நாளு குறிச்சாக. ஊரே கெளம்பிருச்சு. செத்துப் பொழச்சவன் குடுக்குற விருந்துல்ல! டிராக்டர்ல அண்டா குண்டா எல்லாம் ஏத்தியாச்சு. எனக்கு ஒரே வருத்தம் என்னன்னா, அந்தச் சாமிக்குக் கூரை ஆகாது. மழையும் வெயிலும் அவரு தலையிலதான் விழணும். அந்த மேட்டுல ஒரு கீத்துப் பந்தல்கூடப் போடக் கூடாது. என் சேக்காளி பொழச்ச விருந்து, எனக்கு அங்க ஒரு வேலையும் இல்ல. சும்மா ஆளா வந்து நில்லுன்னா எனக்கு எப்படி இருக்கும் சொல்லு?

இருந்தாலும் போனேன். வண்டியில ரெண்டு கம்பு, கயிறு, பிளக்ஸு ஒண்ணு போட்டுக்கிட்டுத்தான் போனேன். ஒதவும்ல.

அங்கதான் முழிச்சதுக்கப்புறம் மொதமொத அவனப் பாக்கேன். நார்க்கட்டில்ல உக்கார வச்சிருக்காக. கழுத்து குச்சி மாதிரி இருக்கு. சிரிக்கான், பல்லு மட்டும் பழைய பல்லு. நான் போய் முன்னாடி நின்னேன். "வாடா"ன்னான். "அடுப்புக்குக் கல்லு சரியா வைக்கலன்னா அண்டா சாஞ்சிரும், பாத்துட்டு வந்துர்றேன்"னு சொல்லிட்டுப் போனேன். அண்டா சாஞ்சா அம்புட்டுச் சாப்பாடும் போச்சுல்ல.

கிடாவுக்கு மாலை போட்டு நிறுத்துனாக. எங்க பக்கம் எப்படின்னா, மஞ்சத்தண்ணிய அது மேல ஊத்துனா ஒடம்ப உதறி ஒரு துலுக்கு துலுக்கணும். துலுக்குனாத்தான் சாமி உத்தரவு குடுத்துருச்சுன்னு அருத்தம். துலுக்காத கிடாவ வெட்டக் கூடாது. உங்க பக்கமும் அப்படித்தானா? சரி. பூசாரி ஊத்துனாரு. கிடா கல்லு மாதிரி நிக்குது. பவுனுத்தாயி ஊத்துச்சு. நிக்குது. மாயனக் கைத்தாங்கலாக் கூட்டியாந்து ஊத்தச் சொன்னாக. ரெண்டு கையாலயும் செம்பப் புடிச்சு ஊத்துனான். அதுக்கும் துலுக்கல. பூசாரி எல்லாரையும் பாத்து, "யாருக்காச்சும் யாருமேலயாச்சும் மனக்குறை இருந்தா வாயத் தொறந்து சொல்லிருங்கப்பா, உள்ள வச்சுக்கிட்டு நின்னா கருப்பு வாங்க மாட்டாரு"ன்னாரு. ஒருத்தரும் வாயத் தொறக்கல. மாயன் என்னையப் பாத்தான். "நீ ஊத்துடா"ன்னான். நானும் ஊத்துனேன் தாயி. தண்ணி அது கண்ணு வழியா ஒழுகுது, கிடா அசையல. என்னையவே பாக்குது.

நேரம் ஏறிக்கிட்டே போகுது. அடுப்பு எரியுது, மசாலா அரைச்சு வச்சாச்சு, பிள்ளைக பசிக்குதுன்னு அழுகுது. வெயிலுன்னா வெயிலு, மண்டையப் பொளக்குது. மாயன் கட்டில்ல சாஞ்சு தலையில துண்டப் போட்டுக்கிட்டுக் கெடக்கான். சீக்காளி ஒடம்பு தாங்குமா? அத நெனைக்க ஒரு ஆளு இல்ல அங்க. நாந்தான் பூசாரிகிட்டப் போய், "சாமிக்குத்தான கூரை ஆகாது, சீக்காளிக்கு ஒரு மறைப்புக் கட்டுறதுல என்ன"ன்னு கேட்டேன். அவரும் சரின்னாரு. எனக்கு உசுரு வந்த மாதிரி இருந்துச்சு. ஓடிப்போய் வண்டியில இருந்து கம்பு, கயிறு, பிளக்ஸு எல்லாத்தையும் எடுத்தாந்தேன்.

வெள்ளப் பக்கத்த மேல வச்சுக் கட்டுனேன். வெள்ளைன்னா சூடு எறங்காது. அது தொழில் தெரிஞ்சவன் கட்டுற கட்டு. கட்டில்ல படுத்திருக்கவன் மொகத்துக்கு நேரா, தாழ்வா, நல்ல நெழலாக் கட்டுனேன். எந்த பிளக்ஸுன்னு நான் பாக்கல தாயி. என் மகவீட்டுப் பேத்தி காதுகுத்துக்கு அடிச்சதுன்னே நெனச்சேன். மடிச்சுக் கெடந்தா எல்லாப் பிளக்ஸும் ஒண்ணுதான். வெள்ளப் பக்கத்துல என்ன எழுதியா இருக்கு?

கட்டி முடிச்சு, "இப்ப எப்படிடா இருக்கு?"ன்னு பெருமையாக் கேக்குறேன். அவன் மல்லாக்கப் படுத்து மேலயே பாத்துக்கிட்டு இருக்கான். நான் குனிஞ்சு உள்ள எட்டிப் பாத்தேன். அவன் மொகத்துக்கு நேர் மேல அவன் மொகம். கீழ இருக்கவன் ஒடுங்கிப் போய்க் கெடக்கான், மேல இருக்கவன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கான்.

அவந்தான் மொதல்ல பேசுனான், மெதுவா. "நல்ல போட்டோடா. உம் மக கல்யாணத்துல எடுத்ததுல்ல?" ஆமான்னேன். வாசகத்தப் படிச்சான். "நீ எழுதுனியா?" ஆமான்னேன். "தோள்ல கெடக்கறது யாரு கையி?" "என்னோடதுதான்"னேன். "தேதிய மட்டும் விட்டுட்டியே?"ன்னு கேட்டான். நான் உள்ளதச் சொன்னேன், "அப்புறம் எழுதிக்கலாம்னு விட்டேன்டா"ன்னு. பக்கத்துல நின்ன பவுனுத்தாயி தலையில அடிச்சுக்கிச்சு. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? கேட்டான், சொன்னேன்.

அதுக்கப்புறந்தான் எந்திரிச்சு உக்காந்தான். "சேருக்குச் சொல்லி வச்ச, ஐஸ் பெட்டிக்குச் சொல்லி வச்ச, கொட்டுக்குச் சொல்லி வச்ச, எல்லாம் கேள்விப்பட்டேன். எனக்கு அது வருத்தமில்லடா வீரணா. எவனாச்சும் செய்யணும்ல. ஆனா ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, உள்ள வந்து என்னையப் பாத்தியாடா? கண்ணு தொறக்கலையே ஒழிய எனக்குக் காது கேட்டுச்சு. யாரு யாரோ வந்து கையத் தொட்டாக. ஒவ்வொரு கையா, நீயா நீயான்னு பாத்துக்கிட்டே கெடந்தேன்டா"ன்னான்.

அவன் சொல்லி வாய மூடல, படபடன்னு ஒரு சத்தம். திரும்புனா கிடா துலுக்குது. தலையில இருந்து வாலு வரைக்கும், மாலையெல்லாம் பிச்சுக்கிட்டுப் போற மாதிரி துலுக்குது. பொம்பளைக குலவை போட்டாக. பூசாரி "கருப்பா"ன்னு கத்துனாரு. ஊரே என்னைய ஒரு மாதிரியாப் பாக்குது. ஆட்டுக்கு என்ன தெரியும் தாயி? அம்புட்டு நேரம் ஈரத்துல நின்னுச்சு, ஈ மொச்சிருக்கும், துலுக்கிருச்சு. நீயும் ஏன் அப்படிப் பாக்குற?

பதிலா? அதுக்கு எங்க நேரம்? கிடா விழுந்துருச்சு, அடுத்து கறி ஆக்கணும், பந்தி வைக்கணும். எல போட ஆளு வேணும்ல. நான் அங்க போயிட்டேன். அன்னைக்குக் கறி அம்புட்டு ருசின்னு எல்லாரும் சொன்னாக. நான் சாப்பிடல. பரிமாறுறவனுக்குப் பசி அடங்கிரும்.

எல்லாம் முடிஞ்சு சாயங்காலம் பிளக்ஸ அவுக்கப் போனேன். "இருக்கட்டும்டா, நல்ல நெழலு"ன்னான் மாயன். அதுதான் அவன் எங்கிட்டப் பேசுன கடைசிப் பேச்சு.

பிளக்ஸ வீட்டுக்கே கொண்டு போயிட்டான். அவன் வீட்டு முத்தத்துல, கட்டிலுக்கு மேல கட்டிக்கிட்டான், நான் கட்டுன மாதிரியே, வெள்ளப் பக்கம் மேல, தெருப்பக்கமாச் சாச்சு. பவுனுத்தாயி அழுது, மகன் வந்து சண்டை போட்டு, ஒண்ணும் நடக்கல. அத அவுத்தா நானும் போறேங்கிறானாம். பகலெல்லாம் அதுக்கடியிலதான் படுக்கையாம். தெருவுல போறவுகளுக்கு வெறும் வெள்ளைதான் தெரியும். ஆனா காலையில வெயிலு அந்தப் பக்கத்துல இருந்து சாச்சு அடிக்கறப்ப எல்லாம் ஊடுருவித் தெரியுது தாயி. எழுத்து தலகீழா, எடது வலது மாறி. அவன் சிரிக்கறது தெரியுது. மூலையில நான் அவனக் கும்பிட்டுக்கிட்டு நிக்கறது தெரியுது. ஒருநாளு வண்டிய நிறுத்திப் பாத்தேன். பிளக்ஸு மடிஞ்ச எடத்துல அவன் மொகத்துச் சாயம் உதுந்துபோச்சு. அந்தக் கையி மட்டும், தோள்ல, அப்படியே கெடக்கு.

அப்புறம் நான் அந்தத் தெரு வழியாப் போறதில்ல. பயமெல்லாம் ஒண்ணும் இல்ல. கரண்டு வயரு தாழ்வாத் தொங்குது, லோடு வண்டி போகாது.

பவுனுத்தாயி நேத்துப் போன்ல ஒண்ணு சொல்லுச்சு. சில நாளு மேல பாத்துக்கிட்டே, "கைய எடுறா, கனமா இருக்கு"ம்பானாம். அவன் என்ன நெனப்புல சொல்றானோ. அதக் கேட்டதுல இருந்து, இந்தா, இந்தச் சோத்தாங்கையி பாரு, நாலு வெரலும் மரத்துப் போயிருது. தொட்டுப் பாரேன், சில்லுனு இல்ல? சக்கரையா இருக்கும். எங்கப்பனுக்கும் இருந்துச்சு.

இப்ப மறுபடியும் அதே ஈரலு. இந்தத் தடவ ஒடம்புல தெம்பு இல்லையாம். பவுனுத்தாயி, "கண்ணு முழிச்சிருக்கறப்பவே வந்துருங்கண்ணே"ன்னுச்சு. போகாம இருப்பனா? என்ன இருந்தாலும் சேக்காளி. உள்ள போய், கட்டில்ல உக்காந்து, "டேய் மாயா, இந்தா வந்துட்டேன்டா"ன்னு சொல்லப் போறேன். கையப் புடிச்சுக்கிட்டு... சொல்லப் போறேன். வழியெல்லாம் அதத்தான் சொல்லிப் பாத்துக்கிட்டே வாரேன்.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பு வந்துருச்சா? அதுக்குள்ளயா? எந்திரி தாயி, மெல்ல. தூக்குச்சட்டி பத்திரம், கஞ்சி சிந்திரப் போகுது. யோவ், நிறுத்தி வைய்யா, பொம்பளப் பிள்ளை எறங்குதுல்ல.

நானா? எறங்குறேன், எறங்குறேன். இல்ல தாயி, நீ எறங்கு. கூட்டமா இருக்கு, இடிச்சுக்கிட்டு எறங்க எனக்கு ஏலாது. டிக்கெட்டும் ஸ்டாண்டு வரைக்கும் எடுத்திருக்கேன், வீணாப் போகும். ஸ்டாண்டுகிட்டதான் ஐஸ் பெட்டிக்காரன் கடை. சும்மா ஒரு எட்டு அவனப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு, டீயக் குடிச்சிட்டு, நடந்தே வந்துருவேன். எவனாச்சும் சொல்லி வைக்கணும்ல.

பை உங்கிட்டதான இருக்கு? அத நீயே கொண்டு போயிரு தாயி. உனக்குப் பாஸு இருக்கும், உள்ளதான போற. ஆம்பள வார்டுல தங்கமாயன்னு கேளு. வாசப்பக்கத்துல பவுனுத்தாயி நிக்கும், அதுகிட்டக் குடுக்காத, அவன் கையிலயே குடு. கையத் தொட்டுக் குடு. வீரணன் குடுத்தான்னு சொல்லு.

எங்கன்னு கேட்டா, வெளிய இருக்கான்னு சொல்லு.